கழுத்து மேட்டில் ஒரு பெயர்

யார்சா பருவத்தில் ஷெலுங் புல்வெளிக்கு முதலில் ஏறி வருவது தோண்டுகிறவர்கள் அல்ல, யங்சோம்தான். பாதையில் பனி முழுதாக உருகும் முன்பே இரண்டு கோவேறு கழுதைகள் மேல் சோலார் தகடுகளையும் பாட்டரிகளையும் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துக் கூடாரம் அடிப்பாள். தகடுகளுக்குக் கல் முட்டுக் கொடுத்து நிறுத்துவாள். காலையில் அவற்றின் மேல் படிந்திருக்கும் உறைபனியைத் துடைக்கும்போது விரல்கள் மரத்துப்போகும். உப்புத் தேநீர்க் குவளையைப் பிடித்துத்தான் விரல்களைத் திரும்ப வரவழைப்பாள்.

பிறகு சனம் வரும். புழுவின் தலையில் முளைத்து, மண்ணுக்கு மேலே தீக்குச்சி போல எட்டிப்பார்க்கும் யார்சா என்ற அந்தப் பூண்டைத் தேடி ஊர் ஊராக வரும். பள்ளிக்கூடம் பூட்டிக்கிடக்கும், பூட்டிய வாத்தியாரும் இங்கேதான் இருப்பார். பகலெல்லாம் சரிவில் முழங்காலையும் முழங்கையையும் ஊன்றித் தவழ்வார்கள். பொழுது சாய்ந்ததும் போனுக்குச் சார்ஜ் ஏற்ற யங்சோமிடம் வருவார்கள்.

ஷெலுங்கில் டவர் கிடையாது. டவர் வேண்டுமானால் ஆற்றங்கரை ஊருக்கு இறங்க வேண்டும். ஆனாலும் ஷெலுங்கில் போன்கள் ஒன்றோடொன்று பேசும். அந்த வித்தையைக் கொண்டுவந்தவன் யங்சோமின் கணவன். காட்மாண்டுவில் போன் பழுது பார்க்கும் கடையில் சில வருடம் இருந்தவன் அவன். செத்தவர்களின் பெயரை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பிறவிக்குப் போய்க்கொண்டிருப்பவர் நின்று திரும்பிப் பார்ப்பார், அப்புறம் வழி தவறிவிடுவார். அதனால் இந்தக் கதையிலும் அவன் யங்சோமின் கணவன் மட்டும்தான்.

முதல் வருடம் அவன் ஒவ்வொருவர் போனிலும் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தபோது, பக்கத்துக் கூடாரத்தில் நூடுல்ஸ் விற்கும் குன்சாங் நம்பவே இல்லை.

"டவர் இல்லாம எப்படிய்யா போகும்? காத்துல பறந்தா போகும்?"

"நீ பேசற வம்பு எப்படிப் போகுது? பக்கத்துக் கூடாரத்துல சொல்ற. அவ அடுத்த கூடாரத்துல சொல்றா. பொழுது சாயறதுக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிடுது இல்ல? இதுவும் அப்படித்தான். என்ன, நடுவுல இருக்கற போன் எதையும் சேத்துச் சொல்லாது."

கூடாரமே சிரித்தது. குன்சாங்கும் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒரு அடி போட்டாள். அன்றிலிருந்து அந்தச் செயலிக்குக் கேம்பில் 'கூவல்' என்று பெயர்.

கூவலுக்கு வேண்டியதெல்லாம் ஆட்கள்தான். ஒரு போன், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு போனைத் தானே கண்டுபிடிக்கும். அது அடுத்ததை. சரிவில் தவழ்கிறவர்கள் இடம் மாற மாற, செய்தி போகும் வழியும் மாறும். நடுவில் ஒருவன் எழுந்து போய்விட்டால் செய்தி இன்னொருவன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். சுற்றவும் ஆளில்லை என்றால் இருக்கிற போனிலேயே உட்கார்ந்திருக்கும். யாராவது பக்கத்தில் வந்ததும் தாவும். புதுச் செய்திகள்தான் முந்திக்கொள்ளும், நாள்பட்டது வரிசையில் கடைசியாகத்தான் போகும். யாருக்கு எழுதினோமோ அவர் போனில்தான் திறக்கும். மற்ற போன்கள் சுமை தூக்கிகள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

கூடாரங்கள் வெயில்பக்கம். நல்ல யார்சா கிடைப்பது மலைக்கு அந்தப் புறம், நிழல்பக்கம். இரண்டுக்கும் நடுவில் மலை கொஞ்சம் தாழ்ந்திருக்கும் இடத்துக்குக் கழுத்து என்று பெயர். மோசமான மேகம் மேற்கிலிருந்து வரும். வெயில்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். நிழல்பக்கத்தில் குனிந்து தோண்டுகிறவர்களுக்கு அது தலைக்கு மேல் வந்து நிற்கும் வரை தெரியாது. அதனால் கழுத்தில் எப்போதும் ஒரு போன் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு தேசம். கழுத்தில் யார்சா அவ்வளவாகக் கிடைக்காது. யங்சோமின் கணவன் அங்கேதான் தோண்டினான்.

"எல்லாரும் கூடை கூடையா கொண்டு வர்றாங்க. உனக்கு வீட்டைவிடக் கழுத்துதான் பெருசு" என்று போன வருடம் ஒரு காலையில் யங்சோம் சொன்னாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போனான்.

அன்று மதியம் மேற்கே வானம் ஈயப் பாத்திரம் போல ஆனது. எல்லோரும் எழுதுவது போல நேபாளியில் யங்சோம் கூவலில் எழுதினாள். செய்தி சரிவில் ஆள் ஆளாகத் தாவிக் கழுத்துக்கு ஏறி, அங்கிருந்து நிழல்பக்கம் இறங்கியது. நிழல்பக்கத்து ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கழுத்தைத் தாண்டி ஓடி வந்தார்கள். அதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. கையை நீட்டினால் கை தெரியாது. வந்தவர்களை யங்சோம் கூடார வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே அனுப்பினாள். கடைசி ஆளும் வந்த பிறகு எழுதினாள்: 'எல்லாரும் வந்துட்டாங்க. நீயும் இறங்கு.'

ஒரு டிக் விழுந்தது. செய்தி கிளம்பிவிட்டது என்று அதற்குப் பொருள். போய்ச் சேர்ந்தால் இரண்டாவது டிக் விழும்.

அது விழவில்லை. அவனும் வரவில்லை. பனி நின்ற பிறகு கழுத்தில் இருக்கும் கல்குவியலின் பின்னால் அவனைக் கண்டெடுத்தார்கள். உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அவன் அண்ணன் தர்கேதான் கேம்புக்குத் தலைவர். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார். செத்தவர் பொருள் வீட்டில் தங்கக்கூடாது என்பதால் கோட்டு, காலணி, போன் எல்லாம் லாமாக்களின் மடமான கோம்பாவுக்குப் போயின. அங்கிருந்து யாருக்குப் போகிறது என்று வீட்டார் கேட்கக்கூடாது.

யங்சோம் கேட்கவில்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க அந்த ஒற்றை டிக்கைத் திறந்து திறந்து பார்த்தாள்.

அதற்கு இரண்டு பொருள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். செய்தி போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது போய்ச் சேர்ந்து, 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருவதற்குள் வழி அறுந்திருக்கலாம். அதாவது, அவன் அதைப் படித்திருக்கலாம். படித்துவிட்டு இறங்காமல் இருந்திருக்கலாம்.

தர்கே அப்படித்தான் நினைத்தார். "கடைசியா ஒரு நல்ல இடம் கண்ணுல பட்டிருக்கும். தோண்டிட்டுப் போலாம்னு இருந்திருப்பான்" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார். யங்சோமுக்கு வேறு மாதிரி தோன்றியது. அன்று காலை அவள் பேசிய பேச்சுக்கு, அவள் கூப்பிட்டும் அவன் வரவில்லையோ என்று தோன்றியது. பகலில் இல்லை என்று சொல்லிக்கொள்வாள். அடுப்பு அணைந்ததும் ஆமாம் என்று தோன்றும்.

இந்த வருடமும் அவள் முதலில் ஏறி வந்தாள். கழுத்தில் நிற்க யாரும் முன்வரவில்லை. ஆனாலும் ஒரு நாள் காலை கூவலில் நிழல்பக்கத்திலிருந்து செய்திகள் தாமாக வரத் தொடங்கின. கழுத்தில் யாரோ இருந்தார்கள்.

குன்சாங் தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.  செய்தி எந்தெந்தப் போன் வழியாக வருகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினாள்.

"நான் சொல்ல மாட்டேன் யங்சோம். நீயே பாரு."

கட்டைவிரலை எடுத்தாள். அந்தப் பள்ளத்தாக்கின் எழுத்தில் அவன் பெயர். அவனே போனில் எழுதி வைத்தது. அதற்கு நேராக: பக்கத்தில் இருக்கிறார்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் பெயர் கேம்பில் எல்லோர் போனிலும் ஏறிவிட்டது. யாரும் வாய் திறந்து அதைச் சொல்லவில்லை. போனைக் காட்டினார்கள், மேட்டைக் காட்டினார்கள், கையைத் துடைத்துக்கொண்டார்கள். காலையில் கழுத்துப் பக்கத்தில் அந்தப் பெயர் தெரியும். வெயில் தாழ்ந்ததும் மறைந்துவிடும். மறுநாள் மறுபடி. இரண்டு குடும்பங்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டன. சில பேர் யங்சோமின் கூடாரத்துக்குச் சார்ஜ் ஏற்ற வருவதையே நிறுத்தினார்கள்.

தர்கே வந்தார். உட்காரவில்லை.

"எல்லார் போன்லயும் இருக்கற கூவலை எடுத்துடும்மா."

"எடுத்துட்டா நிழல்பக்கத்துல இருக்கறவங்களுக்கு மேகத்தை யாரு சொல்றது, மூத்தவரே?"

"கூவல் வர்றதுக்கு முன்னாடி எங்க அப்பன் பாட்டன் தோண்டலையா?"

"தோண்டினாங்க. செத்தும் போனாங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "நீ அவனை விடல. நாற்பத்தொன்பது நாள் மந்திரம் படிச்சு வழியனுப்பியும் நீ பிடிச்சு வெச்சிருக்க. அதான் அவன் அங்கயே நிக்கறான். மூணு நாள் தர்றேன். நீயா எடுத்தா மரியாதை. இல்லாட்டி போன் எல்லாத்தையும் ஆத்துல போடச் சொல்லுவேன்."

அவர் போன பிறகு யங்சோம் தகடுகளைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்தாள். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு வெட்கங்கெட்ட ஆசையும் இருந்தது. அவன் அங்கே இருந்தால் கேட்டுவிடலாமே.

மறுநாள் நல்ல வெயில். தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடுப்புத் துணிக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். போன வருடத்துச் செய்தி. 'எல்லாரும் வந்துட்டாங்க. நீயும் இறங்கு.' அதன் பக்கத்தில் இரண்டு டிக்.

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. உடனே இன்னொரு அதிர்வு. அவனிடமிருந்து. போன வருடம், அந்த நாளில் எழுதியது. இத்தனை மாதமும் அவன் போனுக்குள்ளேயே அடைந்துகிடந்து, புதுச் செய்திகள் எல்லாம் போன பிறகு இப்போதுதான் முறை கிடைத்து வந்திருக்கிறது.

'எல்லாரும் தாண்டிட்டாங்களா? பனியில எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொன்னதும் இறங்கறேன்.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்படியானால் அவன் கேட்டிருக்கிறான். ஆனால் கேட்ட பிறகு அவள் சொன்னது கிடைத்ததா? இந்த இரண்டாவது டிக் அன்றைய பதிலா, இன்றைய பதிலா? அதை அவன் போனைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அவன் போன் அந்த மேட்டில், அவன் பெயரோடு, யார் கையிலோ.

அப்போது நிமிர்ந்து பார்த்தாள். கழுத்திலிருந்து அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அதே பழுப்புக் கோட்டு. இடது கையில் அவளே தைத்த சிவப்பு ஒட்டு, வெயிலில் தெரிந்தது. சரிவில் தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். யங்சோம் ஓடவில்லை.  அவன் அவசரமாக, வழுக்கி வழுக்கி, நேராக அவள் கூடாரத்தை நோக்கி வந்தான். அவ்வளவு வேகமாக அவன் எப்போதும் இறங்க மாட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்புறம் முகம் தெரிந்தது. கீழ்மலை முகம், தாடி வைத்தது. முதுகில் ஒரு சின்னச் சோலார் தகடு கட்டியிருந்தது.

"தீதி, போன்காரம்மா நீங்கதானே?" அக்கா என்று நேபாளியில் கூப்பிட்டவனுக்கு மூச்சு வாங்கியது. "இதைக் கொஞ்சம் பாருங்க. இந்தப் போன் என்னை இறங்கச் சொல்லுது."

அவன் பெயர் பல்பீர் ரோகாயா. கோம்பாவில் சுவர் பூசும் வேலைக்குப் போனவன். வேலை முடிந்ததும் கூலியோடு ஒரு கோட்டையும் ஒரு போனையும் லாமா கொடுத்தாராம். பாட்டுக் கேட்க மட்டும்தான் வைத்திருக்கிறானாம், பொழுது சாய்ந்ததும் அணைத்துவிடுவானாம். தன்னிடமே தகடு இருந்ததால் சார்ஜுக்கு யாரிடமும் போகவில்லை.

"கழுத்துல ஏன் தோண்டற?" என்றாள். 

"நல்ல இடத்துல எல்லாம் உங்காளுங்க விடமாட்டேங்கறாங்களே தீதி. அங்க யாரும் இல்ல, உக்காந்துட்டேன். ஆனா என்னைப் பாத்தா எல்லாரும் பத்தடி தள்ளிப் போறாங்க. குளிச்சு நாளாச்சுதான், இருந்தாலும் அவ்வளவு மோசமாவா நாறறேன்?"

"இதுல ஒரு பேர் இருக்கே. யார் பேருன்னு கேக்கலையா?"

"உங்க எழுத்து எனக்கு எங்க தெரியும்? ரெண்டு பேர்கிட்ட காட்டினேன். பாத்தாங்க, திருப்பிக் குடுத்துட்டு ஓடிட்டாங்க. என்ன கெட்ட வார்த்தையோன்னு நானும் விட்டுட்டேன். இன்னிக்குத் திடீர்னு நேபாளியில வருது, எல்லாரும் வந்துட்டாங்க, நீயும் இறங்குன்னு. மேல பாத்தா வானம் பளிச்சுனு இருக்கு. ஆனா உடம்பு சிலிர்த்துப்போச்சு தீதி. இறங்கிட்டேன்."

யங்சோம் போனை வாங்கினாள். அவள் செய்தி அதில் இருந்தது. வந்து சேர்ந்த நேரம் கீழே சின்னதாக: இன்று.

அன்று அது அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

அவள் கல்லின் மேல் உட்கார்ந்தாள். பல்பீர் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான். அவள் கண்ணுக்கு முன்னால் அந்த நாள் ஓடியது. அவள் மேகம் என்று எழுதியதும் செய்தி ஏறியது, ஏனென்றால் சரிவெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். நிழல்பக்கத்தவர்கள் தாண்டி வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து சரிவில் இருந்தவர்களும் இறங்கினார்கள். அவன் அனுப்பிய சொல் எல்லோரையும் காப்பாற்றியது. காப்பாற்றப்பட்ட ஒவ்வொருவரும் தன் போனை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் வந்தார்கள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த படிகள் ஒவ்வொன்றாகக் கழன்று அவள் கூடாரத்துக்குள்ளேயே வந்து அடுக்கிக்கொண்டன. கடைசி ஆள் வந்த பிறகு அவள் எழுதியபோது ஏறிப் போக ஒரு படிகூட இல்லை.

மேலே அவன் காத்திருந்தான். பதில் வராததைப் பார்த்து, இன்னும் யாரோ நிழல்பக்கத்தில் இருக்கிறார்கள், அதனால்தான் அவள் இறங்கச் சொல்லவில்லை என்று நினைத்திருப்பான்.

அவள் அழுதபோது பல்பீர் போனை அவள் மடியில் வைத்தான். "உங்களோடதுன்னா வெச்சுக்குங்க தீதி. கோட்டும் வேணும்னா..."

"குடுத்ததைத் திரும்ப வாங்கக்கூடாது" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் பேரை எழுதறேன், சொல்லு" என்றாள். பழைய பெயரை எழுத்து எழுத்தாக அழித்தாள். நேபாளி எழுத்தில் பல்பீர் என்று அடித்தாள்.

அதனால் பெயர் உடனே போய்விடவில்லை. ஒரு போன் புதுப் பெயரைத் தெரிந்துகொண்டு அடுத்த போனுக்குச் சொன்னால்தான் பழையது விழும். ஒதுங்கி இருந்தவர்களின் போன்களில் அவன் இன்னும் சில நாள் பக்கத்தில் இருந்தான்.

தர்கே கொடுத்த கெடு முடிந்த அன்று யங்சோமே அவர் கூடாரத்துக்குப் போனாள். போனை நீட்டினாள். இரண்டு செய்திகளையும் அவர் படித்தார். குன்சாங்கும் இன்னும் சிலரும் அங்கே இருந்தார்கள்.

"தோண்டிட்டு உக்காந்திருக்கல, மூத்தவரே. நான் சொல்லுவேன்னு உக்காந்திருக்கான்."

தர்கே செய்திகளை மறுபடி படித்தார்.

"கூவலை எடுக்க வேணாம். இறங்கற முறையை மாத்துவோம். நிழல்பக்கத்து ஆளுங்க தாண்டினதும் கழுத்துல நிக்கறவன் இறங்கணும். அவன் தாண்டின பிறகுதான் சரிவுல மேல இருக்கறவன். அப்புறம் அதுக்குக் கீழ. நடுவுல நிக்கறவன் முதல்ல ஓடினா மேல இருக்கறவனுக்கு வழி இல்ல."

"பனி கொட்டறப்ப நில்லுன்னா எவ நிப்பா?" என்றாள் குன்சாங். "குளிருக்குப் புருசனையே விட்டுட்டு ஓடற ஊரு இது."

யாரும் சிரிக்கவில்லை. குன்சாங்கும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தர்கே போனைத் திருப்பிக் கொடுத்தார். 

"அன்னிக்கு நான் சரிவுலதான் இருந்தேன். கழுத்துக்கு அடுத்த இடம்" என்றார்.  வெளியே போய்த் தகடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பருவம் முடியப்போகும் சமயத்தில் மேற்கே மறுபடி வானம் இருண்டது. யங்சோம் எழுதினாள். நிழல்பக்கத்து ஆட்கள் கழுத்தைத் தாண்டி வரத் தொடங்கினார்கள். பனி கொட்டியது. ஆனால் சரிவில் இருந்தவர்கள் கிளம்பவில்லை. தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு கூப்பிடு தூரத்துக்கு ஒருவராக நின்றார்கள். அவர்களில் எல்லோருக்கும் மேலே, கழுத்துக்கு அடுத்த இடத்தில், தர்கே நின்றார்.

நிழல்பக்கத்துக் கடைசி ஆளும் கூடாரத்துக்கு வந்ததும் யங்சோம் கழுத்தில் நின்ற பல்பீருக்கு எழுதினாள். விரல் விறைத்திருந்தது. ஒரு டிக்.  இரண்டாவது டிக்.

பல்பீர் இறங்கி வந்தான். தர்கேயைத் தாண்டினான், அடுத்தவரைத் தாண்டினான், கூடார வாசலுக்கு வந்து கோட்டிலிருந்து பனியை உதறினான். "தீதி, சூடா ஏதாவது குடுங்க, இல்லாட்டி இங்கயே சிலையாயிடுவேன்" என்றான்.

யங்சோம் எல்லோருக்கும் எழுதினாள்: 'இறங்குங்க.'

சரிவு முழுக்க இரண்டு டிக் விழுந்தது. எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. ஆனாலும் யாரும் நகரவில்லை. பனித்திரைக்குள் கறுப்புக் கறுப்பாக நின்ற உருவங்கள் கழுத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் யார் கால் எடுப்பது என்று தயங்குவது போல. இன்னும் ஒருவர் தாண்ட வேண்டியிருப்பது போல.

யங்சோம் இரண்டாம் முறை எழுதவில்லை. போனைக் கையில் பிடித்தபடி அவளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.